நிலத்தடி நீரில் எரிமலையின் மூச்சு: ஹீலியம் ஐசோடோப் ஆய்வுக்கு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் ஒன்டாகே மலை 3,067 மீட்டர் உயரம். 1979 அக்டோபர் 28 வரை அது வெடித்ததாக எந்த வரலாற்றுக் குறிப்பும் இல்லை. பலர் அதைச் செத்த எரிமலை என்றே எண்ணியிருந்தார்கள். அந்த வெடிப்புக்குப் பிறகு, மலையைச் சுற்றியுள்ள வெந்நீர் ஊற்றுகளில் விஞ்ஞானிகள் தண்ணீரும் குமிழியும் பிடித்து ஹீலியத்தை அளக்கத் தொடங்கினார்கள். யூஜி சானோவும் அவருடைய சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு அழகான ஒழுங்கு தெரிந்தது: உச்சிக்கு நெருங்கிய ஊற்றில் ஹீலியம்-3இன் பங்கு அதிகம்; விலக விலகக் குறைகிறது. ஊற்றுகள் அத்தனையும் சேர்ந்து உச்சியைச் சுட்டிக்காட்டின.

பிறகு 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இலையுதிர்கால வண்ணங்களைப் பார்க்க வந்தவர்கள் உச்சியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரம். முன்பகல் 11:52க்கு மலை வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். அந்த மாதம் 10, 11 தேதிகளில் சிறு நடுக்கங்கள் கூடியிருந்தன. ஆனாலும் எச்சரிக்கை நிலை மிகத் தாழ்ந்த 1ஆகவே இருந்தது. சானோவின் குழு பிறகு தன் அளவுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தது. உச்சியிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தள்ளியுள்ள நிகோரிகோ ஊற்றில் 2003 முதலே ஹீலியம்-3இன் பங்கு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. தொலைவான ஊற்றுகளில் அப்படி எதுவும் இல்லை.

அந்த ஏற்றத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. புவியியல் படிக்கும் மாணவர்களையும், நீர்வளத் துறையில் இருப்பவர்களையும், அறிவியலில் ஆர்வமுள்ள எவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

இரண்டு ஹீலியம், இரண்டு பிறந்த வீடு

ஹீலியத்துக்கு நிலையான ஐசோடோப் இரண்டு. ஹீலியம்-4, பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதையும்போது பிறந்துகொண்டே இருக்கும். ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி உருவானபோதே உள்ளே அகப்பட்டது. மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசத்தின் ஆழத்தில் 450 கோடி ஆண்டுகளாக அடைந்து கிடக்கிறது. மாக்மா மேலேறும்போது அதுவும் கூடவே வருகிறது.

இங்கே ஒரு சிறு விலகல். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் வந்து முகாமிட்டது அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்று பார்த்தார். ஹீலியம் என்ற பெயருக்குக் காரணமான, சூரிய நிறமாலையின் மஞ்சள் கோட்டின் கதை அந்தக் கிரகணத்தில்தான் தொடங்குகிறது. பூமியில் அந்த வாயுவை வேதியியலாளர் ராம்சே 1895இல் கண்டெடுத்தது ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து. அதாவது, மனிதர் கையில் முதலில் பிடித்த ஹீலியம் மேலோட்டு ஹீலியம். கவசத்து ஹீலியம்-3 எரிமலை வாயுவிலும் ஆழ்கடல் நீரிலும் வெளியே வருவதை அறிய 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாம் அளப்பது ஹீலியம்-3ஐ ஹீலியம்-4ஆல் வகுத்த விகிதம். காற்றில் பத்து லட்சம் ஹீலியம்-4 அணுக்களுக்குச் சுமார் 1.4 ஹீலியம்-3 அணுக்கள்தான் உண்டு. இந்தக் காற்றின் விகிதத்தையே அளவுகோலாக வைத்து, "காற்றைப்போல எத்தனை மடங்கு" என்று சொல்வது வழக்கம். மனதில் பதிய வேண்டிய எண்கள் சிலதான். பழைய கண்டத்து மேலோட்டுப் பாறையிலிருந்து வரும் ஹீலியம் 0.02 மடங்கு. காற்று 1. கடலடி மலைத்தொடர்களில் கசியும் கவச ஹீலியம் 8, ஒன்று கூடவோ குறையவோ. ஒரு புவித்தட்டு இன்னொன்றுக்கடியில் சரியும் வட்டாரத்து எரிமலைகளில் சராசரி 5.4. ஐஸ்லாந்து, ஹவாய் போன்ற இடங்களில் 20, 30 என்றும் போகும்.

0.02க்கும் 8க்கும் இடையே 400 மடங்கு வித்தியாசம். எரிமலையின் கையெழுத்தாக இதைவிடத் தெளிவான வேறொரு வாயுவை நான் அறியேன்.

ஏன் தண்ணீரில் தேட வேண்டும்?

மாக்மாவிலிருந்து பிரியும் கந்தக டை ஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் வழியில் நிலத்தடி நீரைச் சந்தித்தால் அதிலேயே கரைந்துபோகும். மேலே காத்திருக்கும் கருவிக்கு ஒன்றும் எட்டாது. ஒரு எரிமலை ஒளிந்துகொள்வது பெரும்பாலும் இப்படித்தான். ஹீலியம் எதனுடனும் வினை புரியாது, பாறையில் ஒட்டாது, நுண்ணுயிர் அதைத் தின்னாது. எந்த நீரில் ஏறியதோ அதே நீருடன் ஊற்றுக்கோ கிணற்றுக்கோ வந்து சேரும். உச்சியில் புகை இல்லாத மலையில் அடிவாரத்துக் குளிர்ந்த கிணறுகூடச் சாட்சி சொல்ல முடிவது இதனால்தான்.

படி 1: ஊற்றுகளைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிடுங்கள். சூடான ஊற்று என்றால் அடியில் எரிமலை என்று பொருள் இல்லை. திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் எல்லோருக்கும் தெரியும்; இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவு வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான வெப்பத்தில் சூடாகி மேலே வந்தாலே போதும். மறுபக்கம், குளிர்ந்த நீரிலும் மாக்மாவின் ஹீலியம் இருக்கலாம்.

சந்தேகத்துக்குரிய மலையை நடுவில் வைத்து, 3, 5, 10, 20 கிலோமீட்டர் என்று விலகிச் செல்லும் ஊற்றுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் வரைபடத்தில் குறியுங்கள். தொலைவானவற்றை "அங்கே என்ன கிடைக்கப்போகிறது" என்று விட்டுவிட வேண்டாம். ஒன்டாகேயில் தொலைவு ஊற்றுகள் அசையாமல் இருந்ததால்தான் நிகோரிகோவின் ஏற்றத்துக்குப் பொருள் வந்தது. எல்லா ஊற்றும் சேர்ந்து ஏறியிருந்தால் கருவியைத்தான் சந்தேகித்திருப்பார்கள்.

குமிழி விடும் ஊற்று கிடைத்தால் அதற்கே முதலிடம். ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்: எந்தக் கிணற்றுத் தண்ணீர் சோடாபோல நாக்கில் சுள்ளென்கிறது, எந்தப் பள்ளத்தில் எலியும் பறவையும் செத்துக் கிடக்கின்றன, எங்கே மரம் காரணமில்லாமல் காய்கிறது.

கடைசிக் கேள்வி உங்கள் உயிருக்கும் சம்பந்தப்பட்டது. கலிபோர்னியாவின் மாமத் மலையில் 1989இல் மாதக்கணக்கில் சிறு நிலநடுக்கங்கள் வந்தன. வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் அங்குள்ள வாயுத் துளையில் ஹீலியம்-3இன் பங்கு கிடுகிடுவென ஏறியது. 1990இல் ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில் மரங்கள் நின்றபடியே செத்தன. வேர்மண்ணில் கார்பன் டை ஆக்சைடு நிரம்பியிருந்தது. அதே ஆண்டு, பனியில் புதைந்த குடிசைக்குள் போன வனக்காவலர் ஒருவர் மூச்சுமுட்டி மயிரிழையில் தப்பினார். 2006இல் அந்த மலையின் வாயுத் துளை ஒன்றின் மேல் பனி இடிந்ததில் மூன்று பேர் இறந்தார்கள். ஆகவே பள்ளத்தில் தனியாக இறங்காதீர்கள். குனிந்து மாதிரி எடுப்பவருக்குப் பின்னால் ஒருவர் நிமிர்ந்து நிற்கட்டும். கார்பன் டை ஆக்சைடு மானி இடுப்பிலேயே இருக்கட்டும்.

படி 2: பையில் என்ன இருக்க வேண்டும்?

திருவிழாவில் வாங்கிய ஹீலியம் பலூன் மறுநாள் காலையில் சுருங்கித் தரையில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முடிச்சு அவிழவில்லை, ரப்பரின் ஊடாகவே ஹீலியம் நழுவிவிட்டது. பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே கதி. ஆய்வகத்துக் கண்ணாடிகளிலும் சில வகைகள் ஹீலியத்தைக் கசிய விடும். அதற்கென்றே தேர்ந்த கண்ணாடியானால்தான் தாங்கும்.

தொடங்குபவருக்கு நம்பகமானது செம்பு. ஏ.சி. மெக்கானிக் வளைத்துப் போடும் அதே மென்செம்புக் குழாய், மூன்று நூல் விட்டம். சுமார் முக்கால் மீட்டர் நீளத்தில் 40 மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்கும். இரண்டு முனையிலும் இரும்புக் கிளாம்ப். இவற்றோடு ஒளி ஊடுருவும் தடித்த ஹோஸ், ஸ்பேனர், சிறு சுத்தியல், வெப்பமானி, பி.எச். மானி, மின்கடத்துமானி. குமிழி பிடிக்கப் புனல் ஒன்று. அழியாத மை பேனா.

படி 3: மாதிரி எடுத்தல்

முழு வேலையும் இங்கேதான் ஜெயிக்கிறது, இங்கேதான் தோற்கிறது. எதிரி காற்று. ஒரு மிளகளவு காற்றுக் குமிழி உள்ளே மாட்டினாலும் அதிலுள்ள ஹீலியம் உங்கள் நீரின் ஹீலியத்தோடு கலந்து, எல்லா விகிதத்தையும் 1ஐ நோக்கி இழுத்துவிடும்.

கிணறு என்றால் மோட்டாரை ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய நீர் போகும்வரை காத்திருங்கள். வெப்பநிலையும் மின்கடத்துதிறனும் நிலைத்து நிற்க வேண்டும். அதுவரை கை வைக்க வேண்டாம். மோட்டார் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் பால்போல வெளுத்து வந்து, டம்ளரில் கொஞ்ச நேரம் வைத்ததும் அடியிலிருந்து தெளிந்தால் உள்ளே காற்றோ பிரிந்த வாயுவோ இருக்கிறது. மேல்நிலைத் தொட்டிக்குப் போய்வந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஹோஸை ஊற்றுவாயில் எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு ஆழத்தில் செருகுங்கள். மறுமுனையைச் செம்புக் குழாயில் மாட்டுங்கள். குழாயை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள், நீர் கீழிருந்து மேலே ஏறிப் போகட்டும். இப்போது சுத்தியலின் கைப்பிடியால் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். செம்புச் சுவரில் ஒட்டியிருக்கும் சிறு குமிழிகள் விடுபட்டு, வெளியேறும் ஹோஸ் வழியாக முத்துமுத்தாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும். முத்து நின்ற பிறகும் ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். குழாயின் கொள்ளளவைப்போல் பல மடங்கு நீர் கடந்து போயிருக்க வேண்டும்.

மூடும்போது வெளியேறும் பக்கத்துக் கிளாம்பை முதலில் இறுக்குங்கள். உள்ளே அழுத்தம் நிற்கும், கரைந்த வாயு பிரியாது. பிறகு வரும் பக்கம். செம்பு தட்டையாகி, இரு சுவரும் ஒன்றோடொன்று அழுந்தி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பேனர் கடைசிச் சுற்றில் கை நரம்பு புடைக்கும். அங்கே சலிப்புப் படாதீர்கள்.

குமிழி ஊற்றில் வேலை எளிது. புனலை நீருக்கடியில் கவிழ்த்து, குழாயில் இருக்கும் நீரை ஊற்றின் வாயுவே தள்ளி வெளியேற்றும்வரை விட்டு மூடலாம். நீரில் கரைந்திருப்பதைவிடக் குமிழியில் ஹீலியம் செறிவாக இருக்கும், காற்றுக் கலப்பும் குறைவு.

எந்த இடத்திலும் இரண்டு குழாய் நிரப்புங்கள். ஒன்று கசிந்தால் மற்றது பேசும். கூடவே டிரிட்டியத்துக்கு (கதிரியக்க ஹைட்ரஜன்; காரணம் படி 6இல்) ஒரு பாட்டில், கார்பன் ஐசோடோப்புக்கு ஒரு பாட்டில், அயனிகளுக்கு ஒரு பாட்டில்.

படி 4: ஆய்வகம்

இதை நீங்கள் செய்யப்போவதில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெற்றிடத்தில் நீரிலிருந்து வாயு பிரிக்கப்படும். சூடான டைட்டானியம் நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற வினைபுரியும் வாயுக்களை உறிஞ்சிக்கொள்ளும். திரவ நைட்ரஜனில் குளிர்ந்த கரி ஆர்கானைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் கடுங்குளிரில் நியானையும் தனியே நிறுத்திவிட்டு, ஹீலியம் மட்டும் நிறை நிறமாலைமானிக்குள் போகும். அங்கே ஒரு சிக்கல்: ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் சேர்ந்த மூலக்கூறின் நிறை ஏறக்குறைய ஹீலியம்-3இன் நிறையேதான். இரண்டையும் பிரிக்க 600 அளவுக்குப் பகுதிறன் வேண்டும். ஆய்வகத்திடம் மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்றே: ஹீலியம்-4க்கும் நியான்-20க்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

படி 5: காற்றைக் கழித்தல்

மழை மண்ணில் இறங்கும்போதே காற்றின் ஹீலியத்தைக் கரைத்துக்கொண்டுதான் போகிறது. அந்தப் பங்கைக் கழிக்க நியான் உதவும். நியானுக்கு ஆழத்திலிருந்து சொல்லிக்கொள்ளும்படி வரத்து இல்லை. நீரிலுள்ள நியான் முழுவதும் காற்றுடையது என்றே கொள்ளலாம். காற்றில் ஹீலியம்-4 / நியான்-20 விகிதம் 0.318, காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் சுமார் 0.26.

உங்கள் மாதிரியில் ஹீலியம் விகிதம் 3.0 மடங்கு, ஹீலியம்-நியான் விகிதம் 2.0 என்று வைத்துக்கொள்வோம். 2.0ஐ 0.318ஆல் வகுத்தால் 6.29. கரைதிறன் வேறுபாட்டுக்காக 1.2ஆல் பெருக்கினால் 7.55. காற்றிலிருந்து வந்த பங்கைப்போல மொத்த ஹீலியம் எத்தனை மடங்கு என்பதை இந்த எண் சொல்கிறது. இனி, 3.0 × 7.55 – 1 = 21.65. அதை 7.55 – 1, அதாவது 6.55ஆல் வகுத்தால் 3.3. இதுதான் காற்று நீக்கிய விகிதம். மேலோடு 0.02, கவசம் 8 என்று கொண்டால், 3.28ஐ 7.98ஆல் வகுக்க, ஆழத்து ஹீலியத்தில் சுமார் 41 விழுக்காடு கவசத்திலிருந்து வந்தது.

இப்போது வேறொரு மாதிரி: விகிதம் 1.3, ஹீலியம்-நியான் 0.29. அதே கணக்கில் பெருக்குக் காரணி 1.094, திருத்திய விடை 4.5. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் 1.3 என்பது 1.2ஆக இருந்திருந்தால் விடை 3.3. அளவீட்டில் இம்மியளவு பிசகு, விடையில் மலையளவு. ஹீலியம்-நியான் விகிதம் 0.26ஐ ஒட்டி நின்றால் அந்த மாதிரியை வைத்து எரிமலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். மோசமான மாதிரியைத் திருத்தத்தால் காப்பாற்ற முடியாது.

படி 6: டிரிட்டியம் வைக்கும் பொறி

மழைநீரிலுள்ள டிரிட்டியம் 12.3 ஆண்டு அரை ஆயுளில் சிதைந்து ஹீலியம்-3ஆக மாறுகிறது. 1960களின் அணுகுண்டுச் சோதனைகளால் அன்றைய மழையில் அது ஏராளம். 10 டிரிட்டியம் அலகு கொண்ட நீர் காற்றுத் தொடர்பின்றி நிலத்தடியில் கிடந்து, டிரிட்டியம் முழுவதும் சிதைந்தால், சாதாரண நீரின் விகிதம் 1இலிருந்து ஏறக்குறைய 1.4க்கு ஏறும். எரிமலை இல்லை, மாக்மா இல்லை. வெறும் பழைய மழை. ஆழமற்ற கிணற்றில் 1.2, 1.5 என்று கிடைத்தவுடன் துள்ளிக் குதிக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். நீரில் மிச்சமிருக்கும் டிரிட்டியம், நீரின் வயது, ஹீலியத்தின் மொத்த அளவு மூன்றையும் பார்த்த பிறகே முடிவு.

படி 7: எண்ணைப் படித்தல்

திருத்திய விகிதம் 0.1க்குக் கீழே என்றால் மேலோட்டு ஹீலியமே ஆள்கிறது. 1ஐத் தாண்டி, ஹீலியம்-நியானும் உயர்ந்து, டிரிட்டியம் விளக்கமும் பொருந்தவில்லை என்றால் கவசத்து ஹீலியம் நிச்சயம். ஆனால் கவசத்து ஹீலியம் என்றாலே எரிமலை என்று எழுதிவிடக் கூடாது.

ஜப்பானின் கீ தீபகற்பத்தில் இன்று உயிருள்ள எரிமலை எதுவும் கிடையாது. ஆனாலும் அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளில் விகிதம் எரிமலை வட்டாரத்துக்கு ஈடாக உயர்கிறது. அடியில் சரியும் கடல்தட்டு விடும் திரவங்களோடு ஹீலியம் ஏறி வருவதாக விளக்குகிறார்கள். ஆழப் பிளவு ஒன்று போதும், ஹீலியத்துக்கு வழி கிடைத்துவிடும்.

செக் நாட்டின் மேற்கு ஓரத்தில் செப் படுகை. அங்கே எரிமலை எரிந்து சில லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. சுற்றிலும் வயலும் சேற்றுக்குட்டையும்தான். ஆனால் கொத்துக்கொத்தாக நிலநடுக்கம் வரும். பூப்ளாக் என்ற இடத்தில் குளிர்ந்த சேற்றில் கார்பன் டை ஆக்சைடு கொப்பளிக்கிறது. அந்தக் குமிழியில் ஹீலியம் விகிதம் 6ஐத் தொடுகிறது; அந்த வட்டாரத்துக் கவசத்தின் சொந்த அளவும் ஏறக்குறைய அதுதான். கலப்பே இல்லாமல் நேராக வருகிறது என்று பொருள். பிரவுயர், கேம்ப் குழுவினர் பல ஆண்டு அளவுகளை வைத்து, படுகைக்கு அடியில் உருகிய பாறை மேலேறிக்கொண்டிருக்கிறது என்று வாதிட்டார்கள். "மறைந்த எரிமலைச் செயல்பாடு" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

தைவானில் தாத்துன் மலைக்கூட்டம் தைப்பே நகரின் வடக்கு விளிம்பிலேயே இருக்கிறது. அணைந்துபோன எரிமலை என்றே வெகுகாலம் பேச்சு. வாயுவில் ஹீலியம் விகிதம் 7ஐ நெருங்குவது தெரிந்த பிறகு அந்தப் பேச்சு மாறியது. பின்னாளில் நிலநடுக்க அலை ஆய்வும் அடியில் மாக்மா அறை இருப்பதற்கான சான்றைத் தந்தது.

இந்த மூன்றையும் பிரித்தறிய ஹீலியம் மட்டும் போதாது. கார்பன் டை ஆக்சைடுக்கும் ஹீலியம்-3க்கும் உள்ள விகிதம் கடலடிக் கவசத்தில் சுமார் 200 கோடிக்கு ஒன்று. உங்களுடையது அதைவிடப் பன்மடங்கு எகிறினால் சுண்ணாம்புப் பாறையோ உயிர்ப்பொருள் மட்கோ கார்பனைச் சேர்த்திருக்கிறது. கார்பன் ஐசோடோப், நிலநடுக்கப் பதிவு, தரையின் வீக்கம் இவற்றை ஹீலியத்தின் பக்கத்திலேயே வைத்துப் படியுங்கள்.

படி 8: அதே ஊற்றுக்கு மறுபடியும்

ஒரு தடவை அளந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். அது அசைகிறதா என்பது தெரிய வேண்டுமானால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கானரித் தீவுகளின் எல் இயேரோவில் 2011 ஜூலையில் நிலநடுக்கங்கள் தொடங்கின. அக்டோபர் 10 அன்று தெற்கே கடலடியில் எரிமலை வெடித்தது. இடைப்பட்ட மாதங்களில் மண்ணிலிருந்து கசியும் ஹீலியம் பெருகியதை அங்குள்ள குழு பதிந்திருந்தது. முன்பே அளந்த அடிப்படை எண் கையில் இருந்ததால்தான் "பெருகியது" என்று சொல்ல முடிந்தது.

வெடிக்கும் நாளை ஹீலியம் சொல்லாது. நிகோரிகோவில் பத்தாண்டுக்கு மேல் ஏறிய கோடு எந்தச் சனிக்கிழமையையும் குறித்துக் காட்டவில்லை. அதன் பொருளும் வெடிப்புக்குப் பின்னரே முழுதாக விளங்கியது. இருந்தாலும், எந்த மலைக்கு நிலநடுக்கமானிகளைக் கூட்ட வேண்டும், எந்த மலையில் சிறு நடுக்கத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பல ஆண்டுகள் முன்னதாகவே அது சொல்ல முடியும். 63 பேரை நினைக்கும்போது, ஒரு ஊற்றுக்கு ஆண்டுக்கு இருமுறை போய்வரும் செலவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

போகும்போது ஒரே பருவத்தில் போங்கள். மழைக்காலத்து நீர்த்த மாதிரியைக் கோடைக்கால மாதிரியோடு ஒப்பிட்டால் இல்லாத ஏற்றமும் தெரியும். அதே ஊற்றுவாய், அதே ஆழம், முடிந்தால் அதே ஆள். கிணற்றின் நீர்மட்டத்தையும் முந்தைய வார மழையையும் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்காரர் மோட்டாரை மாற்றினாரா, ஆழப்படுத்தினாரா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

குழாயின் மேல் தேதியை உடனே எழுதிவிடுங்கள், வண்டியில் ஏறிய பிறகு அல்ல. மூடிய செம்புக்குள்ளும் டிரிட்டியம் சிதைந்துகொண்டேதான் இருக்கும். எத்தனை மாதம் அலமாரியில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அந்த ஹீலியம்-3ஐக் கழிக்க முடியும்.